முன்றில்

தமிழ் இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சமேனும் உருப்போட்டவர்களுக்கு 'முன்றில்' என்னும் சொல் ஞாபகம் இருக்கும். வீட்டின் முன்பக்கத்தை 'இல்முன்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நம் முன்னோர்கள் அதைத் திருப்பிப் போட்டு 'முன்றில்' என்று வழங்கினார்கள். இலக்கணப் போலிக்கு இது உதாரணம் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவார். ஆனால் அந்தச் சொல்லைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியவரும். அதில் 'முன்' முதலில் வந்து நின்றுகொண்டது. 'இல்' அதற்குப் பின்னால் போயிற்று. வீட்டைவிட வீட்டு வாசலுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்த ஜனங்கள் நாம்.

இக்காலத்து வீடுகளில் நிலைமை இதற்கு நேர் விரோதமாக இருக்கிறது. நிலம் வாங்கும்போதே எத்தனை அறை, எத்தனை குளியலறை என்று கணக்குப் போடுகிறோம். எல்லாக் கணக்கும் தீர்ந்த பிறகு மிச்சப்படும் இடத்துக்குத்தான் 'வாசல்' என்று பெயர். அதிலும் பாதியை மோட்டார் வண்டி எடுத்துக்கொள்கிறது. மீதிப் பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் சிமெண்டு பூசி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிடுகிறோம்.

நாமக்கல்லில் நாம் வசிக்கும் வீட்டுக்கு முன்னால் இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள வெறும் இடம் ஒன்று கிடந்தது. அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற பேச்சு நம் தகப்பனாரால் வந்தது. வயது எண்பதைத் தாண்டிய அவருக்கு முழங்கால் வலி. தெருக்கோடி வரை நடப்பதும் இயலாமற் போயிற்று. நாள் முழுவதும் கூடத்து நாற்காலியில் அமர்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர், "இந்தத் தெருவில் இப்போது யார் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். முப்பது வருஷமாக அதே தெருவில் இருப்பவர் அப்படிக் கேட்டது வீட்டில் எல்லோருக்கும் மனத்தில் தைத்தது.

வீடுகளை அலங்கரித்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரை அழைத்து யோசனை கேட்டோம். அவர் கைபேசியில் அழகழகான படங்களைக் காட்டினார். தரை முழுவதும் பச்சை நிறப் பிளாஸ்டிக் புல். நடுவில் கூடை போன்ற ஓர் ஊஞ்சல். ஓரத்தில் வெளிநாட்டுக் கூழாங்கற்கள். இரவில் நீல வெளிச்சம். குழந்தைகளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தகப்பனார் மட்டும், "இந்த ஊஞ்சலில் ஏறினால் நான் இறங்குவது எப்படி?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு சில நாள் ஆறப் போடப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் மார்கழி மாதத்தில் ஒரு காரியமாகக் கொல்லிமலைக்குப் போக நேர்ந்தது. சேந்தமங்கலத்தைத் தாண்டிக் காரவள்ளிக்குப் போய்விட்டால் அங்கிருந்து மலைப்பாதை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருப்பதால், எத்தனை கடந்தோம் என்று குழந்தைகள் எண்ணிக்கொண்டே வரலாம். மேலே ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வேறொரு தேசம். பள்ளங்களில் நெல், சரிவுகளில் மரவள்ளி, நிழலில் காபி, மரங்களைச் சுற்றிக் கொண்டு மிளகுக் கொடி, எங்கு பார்த்தாலும் பலா.

இம்மலையின் பூர்வ குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்களின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். மலை முழுவதும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்திருக்கிறது.

வாழவந்தி நாட்டில் ஒரு பழைய வீட்டைப் பார்த்தோம். மண் சுவர், புல் வேய்ந்த கூரை. கூரை மிகவும் தாழ்ந்திருந்தபடியால் தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தக் கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு, கீழே இருந்த திண்ணைக்குக் குடை பிடித்தது. திண்ணைக்கு முன்னால் சாணமிட்டு மெழுகிய வாசல். அதில் ஒரு பக்கம் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் காபிப் பழம். ஓரத்தில் கல் உரல். இறவாரத்தில் விதைக்கென்று ஒதுக்கிய மக்காச்சோளக் கதிர்கள் மாலை மாலையாகத் தொங்கின. சுவரின் அடிப்பாகத்துக்குச் செம்மண் பூச்சு, மேலே சுண்ணாம்பு. வாசலின் எல்லையில் துலுக்கச் செவ்வந்தி பூத்திருந்தது. சற்றுத் தள்ளி ஒரு பலாமரம்.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கலாம். "வா தாயி, உட்காரு. நீங்களும் உட்காருங்க" என்று திண்ணையைக் கையால் தட்டிக் காட்டினார். நாம் யார், எந்த ஊர், என்ன காரியம் என்ற கேள்வியெல்லாம் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வந்தன.

கொல்லிமலையில் இது புதிய வழக்கமல்ல. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். வேட்டைக்கு வந்த இடத்தில், தான் யாரென்று தெரியாத பாணர் கூட்டத்துக்குக் காட்டிலேயே உணவளித்து, தன் மலையில் விளைந்த பொன்னும் மணியும் கொடுத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த விருந்துக்கு மண்டபமும் இல்லை, அலங்காரமும் இல்லை. மரநிழலே போதுமாயிருந்தது.

"ஆயா, வாசலை எவ்வளவு அழகாக வைத்திருக்கிறீர்கள்!" என்று நம் வீட்டு அம்மாள் மெச்சினார்.

அவருக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. "அழகுக்கு என்ன தாயி? மெழுகாவிட்டால் தானியத்தில் மண் ஒட்டிக்கொள்ளும். பூச்செடி சாமிக்கு. கூரை நீளவில்லை என்றால் திண்ணை மழையில் கரைந்துவிடும்" என்றார்.

நமக்கு அது பெரிய பாடமாக இருந்தது. அந்த முன்றிலில் வெறும் அலங்காரத்துக்காக வைத்த பொருள் ஒன்றுகூட இல்லை. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற மலையில் மண் சுவரைக் காப்பதற்காக இறவாரம் நீண்டது. இறவாரம் நீண்டதால் திண்ணைக்கு நிழல் கிடைத்தது. நிழல் கிடைத்ததால் வந்தவர் உட்கார்ந்தார். தானியம் காயவேண்டும் என்பதற்காக வாசலைத் திறந்து விட்டார்கள். திறந்து விட்டதால் வெயிலும் காற்றும் வந்தன. வேலை முதலில் வந்தது. அழகு அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

அந்தப் பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆயாவின் மகன் கட்டிய காங்கிரீட் வீடு நிற்கிறது. மழைக்கு ஒழுகாது, பாம்பு, தேள் பயமில்லை, நெருப்புக்கும் பயமில்லை. புல் வீட்டில் வசிக்காதவர்கள் புல் வீட்டைப் புகழ்வது சுலபம். வருஷந்தோறும் கூரை மாற்றுகிற சிரமம் அதில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகையால் புதிய வீட்டைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குத் திண்ணை இல்லை. கதவைத் திறந்தால் இரண்டு படி. படிக்குக் கீழே பாதை. "பேரன் பேத்திகள் அங்கே தூங்குவார்கள். எல்லோரும் உட்காருவது இங்கேதான்" என்றார் ஆயா.

ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் மத்திய அரசின் கிராம வீட்டுத் திட்டம் 2016-ஆம் வருஷம் புதிய உருவம் பெற்றபோது, வீட்டின் குறைந்தபட்ச அளவு இருபது சதுர மீட்டரிலிருந்து இருபத்தைந்து சதுர மீட்டராக உயர்ந்தது. சுத்தமான சமையலிடமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்று விதி. நல்ல விதிதான். சமையலுக்கு ஓர் இடம் சொன்னவர்கள், வந்தவர் உட்காருவதற்கும் ஒரு முழம் சொல்லியிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றிற்று.

ஆனால் திண்ணையும் களமும் மறைவதற்கு வீட்டுத் திட்டத்தை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த நிலங்களில் பெரும் பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. சமவெளியில் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது வேண்டும். கையில் ரொக்கமும் கிடைக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாமை என்றால் அறுத்து வாசலுக்கு வரவேண்டும். அடித்து, தூற்றி, காயவைத்து, விதைக்குப் பொறுக்கி, மிச்சத்தைக் குத்த வேண்டும். வாசல் இல்லாமல் சாமை இல்லை. மரவள்ளிக் கிழங்கோ நிலத்திலிருந்து நேரே லாரியில் ஏறிவிடுகிறது. வீட்டுப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. வாசலுக்கு வேலை போயிற்று. வேலை போன வாசலை யார் மெழுகுவார்கள்?

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சாமை குத்துவது பெண்களின் தோளை முறிக்கிற வேலை. அந்தக் கஷ்டமே பல வீடுகளில் சிறுதானியத்தை வெறுக்கச் செய்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்றப் பாடுபட்டு வருகிறார்கள். விதை சேர்த்ததோடு நிற்காமல், உமி நீக்குகிற சிறு இயந்திரங்களையும் கிராமங்களில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். உலக்கைக்கு ஓய்வு கிடைத்தது. களத்துக்கு வேலை மிஞ்சிற்று. பழைமையைக் காப்பதென்றால் பழைய கஷ்டத்தையும் சேர்த்துக் காக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

மலையிலிருந்து இறங்கும்போதே நமது இருபதடி இடத்தைப் பற்றிய யோசனை தெளிவாகிவிட்டது. 'எதை வைத்து அலங்கரிப்பது?' என்று கேட்டால் விடை கடையில் இருக்கும். 'இங்கே யார் உட்காருவார்கள்? என்ன வேலை நடக்கும்? வெயிலும் மழையும் எந்தப் பக்கம்?' என்று கேட்டால் விடை நம் வீட்டிலேயே இருக்கும்.

உட்காருகிறவர் முதலில் தகப்பனார். ஆகையால் திண்ணையின் உயரம் ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி என்று வைத்தோம். அதற்குக் கீழே போனால் முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க முடியாது. மேலே போனால் கால் தரையில் படாது. அகலம் மூன்றடி, நீளம் ஒன்பதடி. பகலில் ஒருவர் படுக்கலாம். மாலையில் ஐந்து பேர் உட்காரலாம். ஒரு கோடியில் தலையணைபோல் சரிவாகக் கட்டும்படி சொன்னோம். கொத்தனார் வயதானவர். "இந்தச் சாய்மானத்தைக் கட்டி இருபது வருஷமாச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே கட்டினார். திண்ணையின் மேற்பரப்புக்கு வெளிப்பக்கமாகச் சிறிது வாட்டம் கொடுத்தார். சாரல் அடித்தாலும் தண்ணீர் தேங்காது.

வீடு கிழக்குப் பார்த்தது. காலை வெயில் ஒன்பது மணி வரை திண்ணையில் விழும். மூட்டு வலிக்கு அது நல்லது. பிற்பகலில் வீட்டின் நிழலே வாசலில் படியும். மேற்குப் பார்த்த வீடாயிருந்தால் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட வேண்டியிருக்கும். மேலே நாட்டு ஓடு வேய்ந்த சாய்ப்பு. அதன் விளிம்பைத் திண்ணையைத் தாண்டி இரண்டடி நீட்டச் சொன்னோம். இது ஆயாவின் வீட்டில் கற்றது.

தரையில் பாதியை மண்ணாகவே விட்டுவிட்டோம். சிமெண்டு பூசினால் சுத்தம் என்று நினைக்கிறோம். ஆனால் நாமக்கல் வெயிலில் அது பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் திருப்பிக் கொடுக்கும். மழைத் தண்ணீரும் இறங்காது. 2003-ஆம் வருஷம் தமிழ்நாடெங்கும் வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. வாசல் மண்ணை மூடாமல் விட்டாலே அந்தக் கடமையில் ஒரு பங்கு முடிந்துவிடும். ஓட்டிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, உடைகல் நிரப்பினோம். தண்ணீர் தேங்காததால் கொசுவுக்கும் இடமில்லை.

குழந்தைகள் கொல்லிமலைப் பலாக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து நட வேண்டும் என்றார்கள். மலையை அப்படியே சமவெளிக்குக் கொண்டுவர முடியாது. நம் ஊர் வெயிலைத் தாங்குகிற புங்கங்கன்று ஒன்றைச் சுவருக்கு நன்றாகத் தள்ளி வைத்தோம். வேலிக்கு மருதாணி. அதற்குள் துளசி, ஓமவல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை. இவற்றில் ஒவ்வொன்றும் பூஜைக்கோ, இருமலுக்கோ, பெண் குழந்தைகளின் கைக்கோ உதவுகிறது. உதவுகிற செடிக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் மறப்பதில்லை.

வாசலுக்கு வேலையும் கொடுத்தோம். வற்றலும் வடகமும் மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்கின. கீரை ஆய்வதும், அரிசியில் கல் பொறுக்குவதும், பேரக் குழந்தைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் திண்ணைக்கு வந்தன. திண்ணையில் படிப்பு நடப்பது புதிதல்லவே! டாக்டர் உ. வே. சாமிநாதையர் காலத்துப் பள்ளிக்கூடமே திண்ணைதான். 1940-ஆம் வருஷம் முதல் 'என் சரித்திர'த்தை வாரந்தோறும் ஆனந்த விகடனில் படித்த குடும்பங்களுக்கு அந்தத் திண்ணைகளெல்லாம் நேரில் பார்த்ததுபோல் பழக்கமாயின.

அலங்காரத்துக்கு என்ன செய்தீர்கள் என்று நேயர்கள் கேட்கக்கூடும். திண்ணையின் முகப்புக்குக் காவி. ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு. மண் தரையில் தினம் அரிசி மாக் கோலம். கார்த்திகையில் அகல் விளக்கு. அவ்வளவுதான். கோலம் மாலைக்குள் கலைந்துவிடுகிறது. எறும்பு தின்கிறது, குழந்தைகள் மிதிக்கிறார்கள். மறுநாள் புதிதாக ஒன்று பிறக்கிறது. பிளாஸ்டிக் புல்லுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

காந்தியடிகள் 1936-ஆம் வருஷம் வார்தாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் குடியேறியபோது, மண்ணும் மூங்கிலும் நாட்டு ஓடும் கொண்டே குடிசைகள் எழுந்தன. பின்னர் அந்த இடமே சேவாகிராமம் ஆயிற்று. தேசத்தின் தலைவிதியை நிர்ணயித்த பேச்சுக்களெல்லாம் அங்கே தரையில் பாய் விரித்து நடந்தன. காலையும் மாலையும் பிரார்த்தனைக்குக் கூடியது கூரையில்லாத வெளியில். நம் தமிழ்நாட்டு ஜே. சி. குமரப்பா அதே வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திக்கொண்டு, பக்கத்தில் கிடைக்கும் பொருளும் பக்கத்தில் இருக்கும் கையும் சேர்ந்தால்தான் ஊர் பிழைக்கும் என்று ஓயாமல் எழுதினார். நமது திண்ணைக்குச் செலவான பணமும் கொத்தனாருக்கும், ஓட்டுச் சூளைக்கும், மூங்கில் பின்னுகிறவருக்கும், நாற்றுப் பண்ணைக்கும் போயிற்று. ஊருக்கு வெளியே அதிகம் போகவில்லை.

ஆனால் பழைய திண்ணைகளைப் புகழும்போது ஒன்றை மறைக்கலாகாது. அவை எல்லோருக்கும் இடம் கொடுத்ததில்லை. வழிப்போக்கருக்குத் திண்ணை என்று பெருமை பேசிய தெருக்களிலேயே, சில ஜாதியார் நடக்கவும் கூடாது என்று தடுத்திருந்தோம். 1934-ஆம் வருஷம் காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாடு முழுவதும் சுற்றியது அந்த வெட்கத்தைத் துடைப்பதற்காகத்தான். சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. அதன் பிறகு கட்டுகிற திண்ணை பழைய திண்ணையின் நகலாக இருந்தால் என்ன பிரயோஜனம்? இரும்புக் கதவு எல்லோரையும் சமமாக வெளியே நிறுத்துகிறது. அதுவாவது மேல் என்று ஒருவர் சொன்னால் பதில் சொல்ல முடியாது. எல்லோரையும் சமமாக உட்கார வைத்தால்தான் பதில் சொன்னதாகும்.

நமது திண்ணை முடிந்து சுண்ணாம்பு காய்ந்த மூன்றாம் நாள். காலையில் குப்பை எடுக்க வருகிற அம்மாள் வழக்கம்போல் வெளியே நின்று குரல் கொடுத்தார். வெயில் ஏறியிருந்தது. தகப்பனார் திண்ணையில் இருந்தார். "உட்காரம்மா, தண்ணீர் வருகிறது" என்றார். அவர் தயங்கினார். "பரவாயில்லைங்க ஐயா, புதுசா வெள்ளையடிச்சிருக்கு" என்று விலகி நின்றார். "உட்காருவதற்குத்தானே அம்மா கட்டியிருக்கிறது" என்று தகப்பனார் நகர்ந்து இடம் விட்டார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மகள் செவிலியர் படிப்புப் படிப்பதாகச் சொன்னார்.

இப்போது தகப்பனாருக்குத் தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் பரீட்சை, எந்த வீட்டில் காய்ச்சல் என்பதையெல்லாம் நமக்கே அவர்தான் சொல்கிறார். சாப்பிட அழைத்தாலும், "பால்காரர் வந்து போகட்டும்" என்று பத்து நிமிஷம் தாமதம் செய்கிறார்.

வீடு கட்டப்போகும் நேயர்களுக்கு நமது விண்ணப்பம் இதுதான். அறைகளைக் கணக்குப் போடுவதற்கு முன்னால், ஒன்பதடி நீளமும் மூன்றடி அகலமும் தெருப் பக்கமாக ஒதுக்கி வையுங்கள். இடம் அதுவும் இல்லையென்றால் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு கல் பலகை போதும். அதன் மேல் பூந்தொட்டி வைத்து நிரப்பிவிடாதீர்கள். இடம் காலியாக இருக்கட்டும்.